பெஸ்டோ போட்ட உள்ளிப் பாண் கறுத்துக் கசக்கிறது, நடுவில் ஈரம்: எங்கே பிழை விட்டேன்?

டச்பே வாசி:

வணக்கம். உப்புவெளிப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் சீஸும் பெஸ்டோவும் (இலையை உள்ளி, கொட்டை, எண்ணெயோடு அரைக்கிற இத்தாலிப் பச்சை விழுது) போட்ட கார்லிக் பிரெட் சாப்பிட்ட நாளில் இருந்து, என் பிள்ளைகள் இரண்டும் அதையே கேட்டு உயிரை வாங்குகின்றன. இரண்டு சனிக்கிழமை செய்து பார்த்தேன். இரண்டு முறையும் குப்பைக்குத்தான் போனது.

செய்த விதம் இதுதான். பின்னேரம் பேக்கரியில் சுடச்சுட ஒரு இறாத்தல் பாண் வாங்கி வெட்டினேன். முற்றத்தில் நிற்கிற துளசியில் இரண்டு கைப்பிடி, ஒரு பிடி கஜு, ஏழெட்டுப் பல்லு உள்ளி, உப்பு, தேங்காய் எண்ணெய் எல்லாவற்றையும் கிரைண்டரில் நன்றாக அரைத்தேன். பாணுக்குப் பட்டர் பூசி, சதுரத் தாள் மாதிரி வரும் சீஸை வைத்து, அதன் மேல் பெஸ்டோ தடவினேன். மேசையில் வைக்கிற சின்ன அவண்தான் இருக்கிறது. ஃபொயில் சுற்றி 180 பாகையில் 15 நிமிடம், பிறகு பிரித்து 10 நிமிடம்.

பெஸ்டோ சேற்று நிறம். வாயில் வைத்தால் பல்லுவலிக்கு வைக்கிற மருந்தின் ருசி. சீஸ் இழுபடவே இல்லை. பாண் நடுவில் பிசைந்த மா மாதிரி ஒட்டுகிறது. அம்மா ஒரு கடி கடித்துவிட்டு, "துளசியைப் பறித்ததற்குக் கிடைத்த பலன்" என்று எழும்பிப் போய்விட்டார். மிச்சப் பெஸ்டோ பிரிட்ஜில் மெழுகாக உறைந்து கிடக்கிறது.

மூன்றாம் கட்டை:

பல்லுவலி மருந்து என்று நீங்களே விடையைச் சொல்லிவிட்டீர்கள். துளசியில் யூஜினோல் என்றொரு பொருள் தூக்கலாக இருக்கும். கராம்புக்கு மணம் தருவதும், பல்லுக்கு வைக்கிற கராம்பு எண்ணெயில் இருப்பதும் அதேதான். இத்தாலியில் ஜெனோவாக்காரர் பெஸ்டோவுக்குப் போடுவது பேசில், எங்கள் திருநீற்றுப்பச்சை. இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் வேறு வேறு செடி. அம்மா சொன்னதில் நியாயம் இருக்கிறது!

செடிக்கு அலைய வேண்டாம். பலூடாவில் போடுகிற கசகசா (சப்ஜா என்றும் சொல்வார்கள்) திருநீற்றுப்பச்சையின் விதைதான். கடையில் ஒரு பக்கற் வாங்கி, ஒரு சிட்டிகையைச் சட்டி மண்ணில் தூவுங்கள், ஒரு கிழமைக்குள் முளைக்கும். மணம் இத்தாலிப் பேசிலை விடக் கொஞ்சம் காரமாக இருக்கும், பரவாயில்லை.

உப்புவெளி குசினி:

நான் ஹோட்டல் குசினியில் நின்றவன். தங்கச்சி, உங்களுக்கு ஒரு பிழை இல்லை, நாலு பிழை. கோபிக்க வேண்டாம்.

பெஸ்டோ சுடுகிற சாமான் இல்லை. சூடு பட்டால் இலையின் பச்சை போய்ப் பழுப்பாகும். நீங்கள் அதைச் சீஸுக்கு மேலே போட்டு 10 நிமிடம் காட்டியிருக்கிறீர்கள், கறுக்காமல் என்ன செய்யும்? பாண் அவணை விட்டு வெளியே வந்த பிறகு கரண்டியால் மேலே விடுங்கள். உள்ளேயும் வேண்டும் என்றால் ஒரு தேக்கரண்டியைப் பட்டரோடு குழைத்துச் சீஸுக்குக் கீழே பூசுங்கள். அரைக்க முன்னர் இலையைக் கொதிநீரில் 10 வினாடி போட்டு, உடனே ஐஸ் தண்ணீருக்கு மாற்றிப் பிழிந்து எடுத்தால் பச்சை நிற்கும். கிரைண்டரை நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள், சூடேறினால் மணம் போய்விடும். உரல் இருந்தால் இன்னும் நல்லது. பெஸ்டோ என்ற பெயரே இடிப்பதில் இருந்து வந்ததுதான்.

சுடச்சுட வாங்கின பாணுக்குள் ஆவி நிற்கும். அதைப் போய் ஃபொயிலில் கட்டினால் அவிந்துதான் போகும். நேற்றைய பாணை எடுங்கள், பெருவிரல் மொத்தத்துக்கு வெட்டி, எதுவும் பூசாமல் 200 பாகையில் 5 நிமிடம் காய விடுங்கள். விளிம்பைத் தட்டினால் சத்தம் வர வேண்டும். அப்புறம் பட்டர், அதன் மேல் சீஸ். கடைசி இரண்டு மூன்று நிமிடம் மேல் கம்பியை மட்டும் போட்டு, கண்ணாடிக்கு முன்னால் நின்று பாருங்கள். போனைப் பார்த்தீர்களோ, கருகிவிடும்.

தாள் சீஸில் சேர்க்கிற உப்புகள் அதைக் களி மாதிரி உருக வைக்கும், நூல் வராது. நூல் வேண்டும் என்றால் மொசரெல்லா. அதைச் செய்யும்போதே சுடுநீரில் இழுத்து இழுத்துத்தான் செய்கிறார்கள். கட்டியாக வாங்கி வீட்டில் துருவுங்கள். ருசிக்குக் கொஞ்சம் செடார் கலக்கலாம்.

தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே உறையும். பிரிட்ஜில் வேறென்ன நடக்கும்?

டச்பே வாசி:

ஐயோ, நாலும் என் தலையில்தான். ஒலிவ் எண்ணெய் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது அண்ணா. வேறு வழி உண்டா?

உப்புவெளி குசினி:

பாதி சூரியகாந்தி, பாதி ஒலிவ். முழுக்கச் சூரியகாந்தி போட்டாலும் பிள்ளைகளுக்குத் தெரியாது. கஜுவை லேசாக வறுத்துப் போடுங்கள். அரைத்த பெஸ்டோவை வெளியே வைக்க வேண்டாம். எண்ணெயில் மூழ்கின பச்சை உள்ளியில் பொட்டுலிசம் என்கிற கொடிய கிருமி நஞ்சு வரலாம், மணத்தில் பிடிபடாது. பிரிட்ஜில் மூன்று நாள், அதற்கு மேல் என்றால் ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வையுங்கள்.

நிலாவெளி அக்கா:

எங்கள் வீட்டில் அவண் இல்லை. தோசைக்கல்லில்தான் செய்வேன். சின்ன நெருப்பில் ஒரு பக்கத்தை முறுக விட்டு, திருப்பி, சீஸைப் போட்டு, கல்லின் ஓரத்தில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்து உடனே மூடுங்கோ. ஒரு நிமிடத்தில் சீஸ் உருகிவிடும். இன்னொன்று, வல்லாரையில் பெஸ்டோ அரைத்துப் பாருங்கோ, அருமை.

உப்புவெளி குசினி:

அக்கா, தோசைக்கல்லுக்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். வல்லாரையை மட்டும் சம்பலுக்கு விட்டுவிடுவோம்.

நிலாவெளி அக்கா:

சாப்பிடாமலே தீர்ப்பா?

டச்பே வாசி:

இந்தச் சனிக்கிழமை நிலவரம். சுப்பர் மார்க்கெட்டில் பேசில் ஒரு சின்னப் பெட்டி கிடைத்தது. வெள்ளி வாங்கின பாணைக் காயவிட்டு, மொசரெல்லா துருவிப் போட்டேன். பாண் மொறுமொறு, பெஸ்டோ பச்சை. சின்னவன் சீஸ் நூலைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான், மேசை முழுக்க எண்ணெய். ஒரே குறை, உள்ளி இன்னமும் நாக்கைச் சுரண்டுகிறது. பெஸ்டோவுக்கு இரண்டு பல்லு, பட்டருக்கு ஆறு பல்லு, எல்லாம் பச்சையாகத்தான் போட்டேன்.

உப்புவெளி குசினி:

பெஸ்டோவுக்கு ஒரு பல்லே போதும். மற்றதை நசுக்கி, பட்டரோடு மிகச் சின்ன நெருப்பில் இரண்டு நிமிடம் வையுங்கள். மணம் மாறியதும் இறக்க வேண்டும். நிறம் மாறும்வரை விட்டால் அது வேறு கசப்பு.

மூன்றாம் கட்டை:

கசகசா முளைத்ததா?

டச்பே வாசி:

ஐந்தாம் நாள் முளைத்தது. ஆறாம் நாள் பக்கத்து வீட்டுக் கோழி கிளறிவிட்டது. இப்போது சட்டியைக் குசினி யன்னலில் ஏற்றி வைத்து, மறுபடியும் தூவியிருக்கிறேன்.