கன்ட்ரோலர்ல எய்ம் வரல, ஆர்பிஜில (கேரக்டரை வளர்த்து ஆடுற கேம்) பில்டை (பாயின்ட் போடுற விதத்தை) மாத்தணுமா இல்ல கீபோர்டுக்கே போயிடணுமா?

சோபாவாசி:
வணக்கம் மக்களே. இதுவரைக்கும் தேர்ட் பெர்சன் (கேமரா ஆளோட முதுகுக்குப் பின்னாடி இருக்கிற) கேம்ஸ்தான் கன்ட்ரோலர்ல ஆடிட்டு இருந்தேன், இப்போதான் ஃபால்அவுட் நியூ வேகாஸ் ஆரம்பிச்சேன், அடுத்து சைபர்பங்க், அப்புறம் கிங்டம் கம் னு வரிசையா இருக்கு. கதை, ஊர், ஆளுங்க எல்லாம் செம, ஆனா சண்டைன்னு வந்தா ஸ்டிக்கை லேசா தள்ளினா க்ராஸ்ஹேர் (திரை நடுவுல இருக்கிற குறி) எதிரியைத் தாண்டி போயிடுது, திருப்பி இழுத்தா இந்தப் பக்கம் தாண்டுது, அதுக்குள்ள அவன் மூஞ்சிக்கு நேரா வந்து நிக்கிறான்.

என் சந்தேகம் இதுதான். ஆர்பிஜின்னு சொல்றோம், லெவல் ஏறும்போதெல்லாம் பாயின்ட்டை கன்ஸ்லதான் (துப்பாக்கித் திறமை) கொட்டுறேன், அப்போ என் கேரக்டர் நல்லா சுடத் தெரிஞ்சவன்தானே? என் கட்டைவிரல் சரியில்லைன்னா அவன் ஏன் குறி தப்பணும்? எல்லாம் என் கையிலதான்னா ஸ்டாட்ஸ் (கேரக்டரோட திறமை எண்கள்) எதுக்கு? பேசாம கீபோர்டு மௌஸுக்கு மாறிடவா? சாய்ஞ்சு உக்காந்து ஆடுறது போயிடுமேன்னுதான் யோசனை.

மௌஸ்மாமா:
மாறிடுங்க ப்ரோ, இதுல யோசிக்க ஒண்ணும் இல்ல. மௌஸை எவ்வளவு தூரம் நகர்த்துறீங்களோ அவ்வளவு கோணம் திரும்பும், கை நின்னா பார்வையும் நிக்கும். ஸ்டிக் அப்படி இல்ல, அது எவ்வளவு வேகமா திரும்பணும்னு மட்டும்தான் சொல்லுது, எங்க நிக்கணும்ங்கறதை நீங்க சரியான நொடியில விரலை விட்டுத்தான் சொல்லணும். அதனாலதான் தாண்டித் தாண்டி போகுது. 2001ல ஹேலோ வந்ததுல இருந்து கன்சோல் ஷூட்டர் எல்லாம் எதிரி மேல க்ராஸ்ஹேர் வந்தா திரும்புற வேகத்தைக் குறைக்கிறது, குண்டை லேசா அவன் பக்கம் வளைக்கிறதுன்னு உள்ளுக்குள்ள உதவி பண்ணிட்டே இருக்கும். நியூ வேகாஸ் மாதிரி பழைய ஆர்பிஜில அந்த உதவி ஷூட்டர் அளவுக்கு கிடைக்காது. அவ்வளவுதான் விஷயம்.

பழைய_சேவ்:
மாமா சொன்ன ஸ்டிக் கணக்கு சரி, முடிவு தப்பு. சோபாவாசி கேட்ட ரெண்டாவது கேள்விதான் உண்மையான கேள்வி, குறி யாரோடது, ஆடுறவனோடதா கேரக்டரோடதா. ஒவ்வொரு கேமும் இதுக்கு வேற வேற பதில் சொல்லியிருக்கு, அந்த பதிலைப் பொறுத்துதான் எந்த கன்ட்ரோல் வசதின்னே முடிவாகுது.

மோரோவின்ட் (2002) எடுத்துக்கங்க. நீங்க வாளை நேரா எதிரி உடம்புல பாய்ச்சினாலும் உள்ள ஒரு டைஸ் உருளும், பட்டுச்சா இல்லையான்னு அதுதான் சொல்லும், ஸ்கில் கம்மி, ஃபடீக் (தெம்பு) காலின்னா மிஸ். அங்க மௌஸ் வெச்சிருக்கவனும் பேட் (கன்ட்ரோலர்) வெச்சிருக்கவனும் ஒண்ணுதான், ரெண்டு பேருமே ஒரு நண்டை நின்னு நின்னு வெட்டிட்டு இருப்பாங்க. நியாயம்தான், ஆனா கண்ணு முன்னாடி வாள் உள்ள போறதைப் பார்த்துட்டு படலைன்னு சொன்னா எவன் ஒத்துப்பான். அதனாலதான் ஆப்ளிவியன்ல (2006) அந்த டைஸை எடுத்துட்டாங்க, பட்டா பட்டதுதான், ஸ்கில் வெறும் டேமேஜைக் கூட்டும். அந்த இடத்துல இருந்துதான் குறி முழுசா நம்ம கைக்கு வந்துச்சு, ஸ்டிக்காரங்க கஷ்டமும் கூடவே வந்துச்சு.

இந்த ரெண்டுக்கும் நடு வழியா டியூஸ் எக்ஸ் (2000) பண்ணது வேற மாதிரி, என்னைக் கேட்டா இன்னும் யாரும் அதைத் தாண்டல. ஸ்கில் இல்லாத ஆள் துப்பாக்கியைத் தூக்கினா க்ராஸ்ஹேர் அகலமா விரிஞ்சு கிடக்கும், அசையாம நின்னா மெதுவா சுருங்கும், ஸ்கில் ஏற ஏற சீக்கிரம் சுருங்கும். அதாவது கேரக்டர் உங்க குறியைப் பிடுங்கிக்கல, அதுக்கு நேரத்தை விலையா கேக்குறான். இதுல என்ன அழகுன்னா மௌஸ்காரன் அரை நொடியில தலை மேல வெச்சுட்டாலும் சுருங்குற வரைக்கும் அவனும் காத்திருக்கணும், அந்த நேரத்துல ஸ்டிக்காரனும் தடவித் தடவி வந்து சேர்ந்துடுவான். துல்லியத்துக்கு கிடைக்கிற லாபம் அங்க தானா குறைஞ்சிடுது, மாமா சொன்ன அந்த உதவி, எய்ம் அசிஸ்ட்ன்னு ஒண்ணு தனியா தேவையே இல்ல.

இப்ப உங்க நியூ வேகாஸ். கன்ஸ் ஸ்கில் சும்மா இல்ல ப்ரோ, ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஸ்கில் ஒண்ணு, ஸ்ட்ரென்த் ஒண்ணுன்னு ரெண்டு தகுதி இருக்கு, அது இல்லாம தூக்கினா துப்பாக்கி ஆடும், குண்டு சிதறும். ஆன்டி மெட்டீரியல் ரைஃபிளுக்கு கன்ஸ் 100, ஸ்ட்ரென்த் 8 வேணும், அதை ஸ்ட்ரென்த் 4 வெச்சுட்டு தூக்கிட்டு என் கட்டைவிரல் சரியில்லைன்னு சொன்னா எப்படி. முதல்ல கையில இருக்கற துப்பாக்கிக்கு உங்க ஆள் தகுதியான்னு பாருங்க. அப்புறம் வேட்ஸ், கேம்லயே இருக்கிற குறி பார்க்கிற வசதி. நிறைய பேர் அதை ஏமாத்து வேலைன்னு நினைச்சு தொடவே மாட்டாங்க, ஆனா அதுதான் கேரக்டரோட குறி, ஆளோட குறி இல்ல. உலகம் நின்னுடும், எந்த பாகத்துல பட எத்தனை சதவீதம்னு காட்டும், ஆக்ஷன் பாயின்ட் இருக்கிற வரைக்கும் அவன் சுடுவான். அது தீர்ந்ததும்தான் உங்க கட்டைவிரலுக்கு வேலை.

ஸ்டிக்_ட்ரிஃப்ட்:
பழைய சேவ் சொன்னதுக்கு வழிமொழியறேன். மாமாவுக்கு மட்டும் ஒண்ணு, கீபோர்டு என்னமோ குறையே இல்லாத மாதிரி பேசாதீங்க. டபிள்யூ ஏ எஸ் டி னா எட்டு திசை, ஒரே வேகம். ஸ்டிக்ல லேசா தள்ளினா நடப்பான், இன்னும் தள்ளினா ஓடுவான். ஸ்கைரிம்ல நடக்கணும்னா கீபோர்டுல கேப்ஸ் லாக் தட்டி மாத்தணும், பதுங்கிப் போய் ஒருத்தன் பாக்கெட்டுல கை விடுற நேரத்துல இதெல்லாம் எரிச்சல். ரோல் பிளேன்னு சொல்லிட்டு ஊருக்குள்ள எல்லா இடத்துக்கும் ஓடிட்டே போறவன் பாதி கீபோர்டுகாரன்தான் 😄

ஆனா மெனு விஷயத்துல பேட் தோத்துடும், அதை மறைக்க முடியாது. மௌஸ்காரன் 1ல இருந்து 8 வரைக்கும் ஆயுதம், மந்திரம்னு போட்டு வெச்சுப்பான், நாம ஃபேவரிட்ஸ் திறந்து லிஸ்டுல இறங்கிட்டே இருக்கணும். ஃபால்அவுட் 4ல (2015) பேச்சே நாலு பதிலுக்குள்ள அடங்கிடுச்சு, பேடுல நாலு பட்டன், திரையில நாலு பதில், அதுலயும் என்ன பேசப் போறான்னு முழுசா தெரியாது. நியூ வேகாஸ்ல நீளமா லிஸ்ட் வரும் பாருங்க, அது எவ்வளவோ மேல்.

கைரோ_பித்தன்:
யாரும் கைரோ (பேடோட சாய்வை உணர்ற சென்சார்) பத்தி பேசலையா? பெரிய திருப்பத்துக்கு ஸ்டிக், கடைசி கொஞ்சூண்டு நகர்த்துறதுக்கு பேடையே லேசா சாய்க்கணும். டூயல்சென்ஸ், ஸ்விட்ச் ப்ரோ கன்ட்ரோலர், ஸ்டீம் டெக் எல்லாத்துலயும் உள்ளேயே இருக்கு, எக்ஸ்பாக்ஸ் பேடுல கிடையாது. பிசினா ஸ்டீமோட கன்ட்ரோலர் செட்டிங்கான ஸ்டீம் இன்புட்ல கைரோவை மௌஸா செட் பண்ணிடலாம். ஒரே தொல்லை, சில கேம் மௌஸும் பேடும் சேர்ந்து வந்தா குழம்பிடும், திரையில பட்டன் படம் மாறி மாறி மின்னும், சிலது ஒண்ணை நிறுத்திட்டுதான் இன்னொண்ணை எடுக்கும்.

சோபாவாசி:
ஐயோ இவ்வளவு இருக்கா. பார்த்தேன், என் ஸ்ட்ரென்த் 4தான், கையில இருக்கிறது கேக்குறது 6 🤦 என்கிட்ட இருக்கிறது எக்ஸ்பாக்ஸ் பேடு, அதனால கைரோ இல்ல. அப்போ சைபர்பங்க்கும் கிங்டம் கம்மும் பேடுலயே ஓட்டிடலாமா?

பழைய_சேவ்:
சைபர்பங்க் தாராளமா. பாயின்ட்டை இன்டெலிஜென்ஸ் பக்கம் போடுங்க. ஸ்கேனர் திறந்தாலே நேரம் மெதுவாயிடும், நிதானமா ஆளைத் தேர்ந்தெடுத்து க்விக்ஹேக் (தூரத்துல இருந்தே ஹேக்கிங் தாக்குதல்) போடலாம். ஸ்மார்ட் துப்பாக்கிக்கு ஸ்மார்ட் லிங்க் (கையில பதிக்கிற கருவி) மாட்டிட்டா குண்டு தானா எதிரியைத் தேடிப் போகும், 2023ல வந்த 2.0 அப்டேட்டுக்கு அப்புறம் அதுக்கான பெர்க்கும் (கூடுதல் திறமை) இன்டெலிஜென்ஸ்லயேதான் இருக்கு.

கிங்டம் கம்ல வாள் சண்டை திசை பார்த்து வெட்டுறது, ஸ்டிக்குக்கு நல்லாவே ஒத்துவரும். வில்லுதான் கொடுமை, இழுத்தா க்ராஸ்ஹேரே இருக்காது, ஆரம்பத்துல கையும் ஆடும், ஆனா அந்தக் கொடுமை மௌஸ்காரனுக்கும்தான். பூட்டு திறக்கிறது பேடுல உயிரை எடுக்கும், ரெண்டு ஸ்டிக்கையும் ஒரே நேரத்துல கட்டுப்படுத்தணும், ஆப்ஷன்ஸ்ல அதை எளிமையாக்குற செட்டிங் இருக்கு, கூச்சப்படாம போட்டுக்கங்க.

மௌஸ்மாமா:
சரி சரி, பேடுலயே ஆடுங்க. ஆனா செட்டிங்க்ஸை அப்படியே விடாதீங்க. டெட்சோனைக் (ஸ்டிக்கை லேசா தள்ளினா கேம் கண்டுக்காம விடுற அளவு) குறைச்சுட்டே வாங்க, பார்வை தானா நகர ஆரம்பிச்சா ஒரு படி மேல ஏத்திடுங்க. எய்ம் பண்ணும்போது சென்சிட்டிவிட்டி (பார்வை திரும்புற வேகம்) தனியா இருந்தா அதை மட்டும் கம்மி பண்ணுங்க, பொதுவானதைத் தொட வேணாம், இல்லைன்னா முதுகுக்குப் பின்னாடி வர்றவனைத் திரும்பிப் பார்க்கவே முடியாது.

சோபாவாசி:
டெட்சோன் குறைச்சாச்சு, இப்ப தாண்டல. ரைஃபிளை வித்துட்டு ஸ்ட்ரென்த் 4க்கு ஏத்த மாதிரி ஒண்ணு தேடிட்டு இருக்கேன், யாராவது நல்லதா சொல்லுங்க.