மாணவர் ஃபீட்பேக் படிவத்தைத் திருத்தச் சொல்லியிருக்கிறார்கள். எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது?

கணக்கு மேடம்:

வணக்கம். ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கணிதத் துறை உதவிப் பேராசிரியர் நான். மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டுக்கு டிரான்ஸ்ஃபார்ம்ஸ் அண்ட் பிடிஇ (பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள்) என்ற கணிதப் பாடம் எடுக்கிறேன். எங்கள் கல்லூரியில் செமஸ்டர் முடியும் நேரத்தில் மாணவர்கள் ஈஆர்பி என்ற கல்லூரி நிர்வாக மென்பொருளில் நுழைந்து, ஒவ்வொரு ஆசிரியருக்கும் 15 கேள்விகளுக்கு 1 முதல் 5 வரை போட வேண்டும். போட்டால்தான் ஹால் டிக்கெட் டவுன்லோட் ஆகும். சராசரி 3.5-க்குக் கீழே போனால் ஆசிரியருக்கு மெமோ வரும். அடுத்த செமஸ்டரும் அப்படியே இருந்தால் இன்கிரிமென்ட் நின்றுவிடும்.

போன செமஸ்டர் எனக்கு 3.2. வகுப்பில் நான் போர்டில் போட்டுக் காட்டுவது குறைவு, அவர்களைப் போட வைப்பதுதான் அதிகம். ஃபூரியர் தொடரில் ஒரு கணக்கை நான் செய்தால், அடுத்ததை நாலு நாலு பேராக உட்கார்ந்து அவர்களே செய்ய வேண்டும். நான் பெஞ்சு பெஞ்சாகப் போய்ப் பார்ப்பேன். "மேம் நடத்துவதே இல்லை, எல்லாவற்றையும் எங்களையே செய்யச் சொல்கிறார்" என்று கருத்துப் பெட்டியில் பலர் எழுதியிருந்தார்கள். பக்கத்து செக்‌ஷனில் இதே பாடத்தை எடுப்பவர் யூனிட்டுக்கு ஐந்து முக்கியக் கேள்விகளைக் கொடுத்து, விடையை நோட்டில் எழுத வைப்பார். அவருக்கு 4.6. அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் இந்த இரண்டு எண்களை வைத்து எங்கள் இருவரில் யார் நன்றாகக் கற்பித்தார் என்று கல்லூரி முடிவு செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

மெமோவுக்குப் பதில் எழுதும்போது படிவத்தைப் பற்றியே விரிவாக எழுதினேன். பிரின்சிபால் படித்துவிட்டு, "சரி, நீங்களே திருத்திக் கொடுங்கள்" என்று கல்லூரியின் உள்தர உறுதிப் பிரிவான ஐக்யூஏசியின் துணைக்குழுவில் சேர்த்துவிட்டார். அதனால் கேட்கிறேன். மாணவர்களால் நம்பகமாகப் பதில் சொல்லக்கூடிய கேள்விகள் எவை? 3.5 என்ற கோட்டை என்ன செய்வது? படிவத்தை மாற்றினால் கல்லூரிகளுக்குத் தர அங்கீகாரம் கொடுக்கும் நாக் அமைப்பின் மதிப்பெண் போய்விடும் என்று குழுவில் ஒருவர் பயமுறுத்துகிறார், அது உண்மையா?

மாணவர்களிடம் கேட்கவே கூடாது என்று சொல்ல எனக்கு மனமில்லை. 60 பேர் ஒரு செமஸ்டர் முழுக்க என் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் பார்த்ததை ஹெச்ஓடியும் பார்க்கவில்லை, பிரின்சிபாலும் பார்க்கவில்லை.

பழைய இயற்பியல் வாத்தியார்:

மேடம், அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் இயற்பியல் எடுத்து ஓய்வு பெற்றவன். கடைசிச் சில வருடங்கள் ஐக்யூஏசி பொறுப்பும் என்னிடம் இருந்தது.

முதலில் உங்கள் வகுப்பைப் பற்றி. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அடிப்படை இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஓர் ஆய்வு 2019-ல் வெளியானது. மாணவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு நன்றாகப் பேசக்கூடிய ஆசிரியரின் விரிவுரை. மறு பாதி அதே பாடத்தைச் சிறு குழுக்களாக உட்கார்ந்து தாங்களே கணக்குப் போட்டுக் கற்றது. அடுத்த பாடத்துக்கு இரண்டு பாதிகளும் இடம் மாறின. தேர்வு வைத்துப் பார்த்ததில், தாங்களே போட்டவர்கள்தான் அதிக மதிப்பெண் வாங்கினார்கள். ஆனால் "எவ்வளவு கற்றுக்கொண்டீர்கள்" என்று கேட்டபோது, விரிவுரை கேட்டவர்கள்தான் அதிகம் கற்றதாகச் சொன்னார்கள். தெளிவான பேச்சைக் கேட்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கிறது. தானே போட்டுத் திணறும்போது ஒன்றும் தெரியாத மாதிரி இருக்கிறது. உங்கள் கருத்துப் பெட்டியில் வந்திருப்பதும் இந்தத் திணறல்தான். இப்படி ஏன் நடத்துகிறோம் என்பதை செமஸ்டர் தொடக்கத்திலேயே மாணவர்களுக்கு விளக்கிச் சொல்வது பலன் தருகிறது என்றும் அதே ஆய்வில் இருக்கிறது. வரும் செமஸ்டர் முதல் வாரத்தில் இதற்காக அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

இதைவிடக் கனமான சான்று அமெரிக்க விமானப்படை அகாடமியில் கிடைத்தது. காரல், வெஸ்ட் என்ற இரு பொருளியலாளர்கள் 2010-ல் வெளியிட்டார்கள். அங்கே எந்த மாணவர் எந்த ஆசிரியரிடம் போவார் என்பதை நிர்வாகமே குலுக்கல் முறையில் முடிவு செய்கிறது. எல்லோருக்கும் ஒரே சிலபஸ், ஒரே தேர்வு. 10,000-க்கும் மேற்பட்ட மாணவர்களின் தரவு. முதல் கால்குலஸ் பாடத்தில் தன் மாணவர்களுக்கு அதிக மதிப்பெண் வரவைத்த ஆசிரியர்களுக்கு ஃபீட்பேக்கும் அதிகமாக வந்தது. ஆனால் அதே மாணவர்கள் அடுத்தடுத்த கணிதப் பாடங்களில் பின்தங்கினார்கள். அனுபவமுள்ள ஆசிரியர்களிடம் படித்தவர்கள் அப்போது சற்றுக் குறைவாக வாங்கியிருந்தும், பின்னால் வந்த பாடங்களில் நன்றாகச் செய்தார்கள்.

உங்கள் மாணவர்கள் பின்னால் ஹீட் அண்ட் மாஸ் டிரான்ஸ்ஃபர் படிக்க வருவார்கள். உங்கள் பாடத்தில் வரும் வெப்பக் கடத்தல் சமன்பாடு அங்கே மறுபடியும் வரும். அந்தப் பாடத்தில் இரண்டு செக்‌ஷனும் எப்படிச் செய்கின்றன என்று குழுவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு. லேட்டரல் என்ட்ரி மாணவர்கள் எந்த செக்‌ஷனில் அதிகம் என்று முதலில் பாருங்கள். டிப்ளமோ முடித்து நேராக இரண்டாம் ஆண்டுக்கு வருகிறவர்கள் முதலாண்டுக் கணிதத்தின் இரண்டு பேப்பர்களும் படிக்காமல் உங்கள் முன்னால் உட்கார்கிறார்கள். அவர்களை ஒரே செக்‌ஷனில் போட்டிருந்தால் அந்த வகுப்பின் சராசரியை அடுத்த வகுப்போடு ஒப்பிடுவதே தவறு. மதிப்பெண்ணுக்கும் அப்படித்தான், ஃபீட்பேக்குக்கும் அப்படித்தான்.

3.5 கோடு பற்றி. நீங்கள் கணக்கு டீச்சர், இதைக் குழுவில் போர்டிலேயே எழுதிக் காட்டுங்கள். 60 பேரும் 3 போட்டால் சராசரி 3. 30 பேர் 5, 30 பேர் 1 போட்டாலும் 3. முதல் வகுப்பில் பெரிய பிரச்சினை எதுவும் இல்லை. இரண்டாவது வகுப்பில் பாதிப் பேர் தவிக்கிறார்கள், யாராவது உடனே போய்ப் பார்க்க வேண்டும். சராசரி இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. அதனால் 1, 2, 3, 4, 5 ஒவ்வொன்றையும் எத்தனை பேர் போட்டார்கள் என்று பிரித்துத் தரச் சொல்லுங்கள். 15 கேள்விக்கும் ஒரே எண்ணைப் போட்ட தாள்கள் எத்தனை என்றும் எண்ணச் சொல்லுங்கள். ஹால் டிக்கெட்டுக்காகப் போடுகிறவர்களின் தாள்களில் பெரும்பாலானவை அப்படித்தான் இருக்கும்.

நாக் பயம் தேவையற்றது. நான் பார்த்த நாக் கையேட்டில் மாணவர் திருப்தி சர்வே என்பது 2.7 என்ற அளவுகோல். அதை நாக் தானே மாணவர்களின் மின்னஞ்சலுக்கு அனுப்புகிறது, 21 கேள்விகளும் அவர்களுடையவை. உங்கள் ஈஆர்பி படிவத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஃபீட்பேக்குக்கான 1.4 என்ற அளவுகோலில் கேட்பது ஃபீட்பேக் வாங்கினீர்களா, அதன் மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள், அந்த அறிக்கை இணையதளத்தில் இருக்கிறதா என்பதுதான். எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இன்கிரிமென்ட் பேச்சு வந்தால், தொழில்நுட்பக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ-யின் 2019 விதிமுறையை எடுத்து வையுங்கள். அதிலுள்ள 360 டிகிரி மதிப்பீட்டில் (ஆசிரியரைப் பல கோணங்களில் மதிப்பிடும் முறை) 100-க்கு 25 புள்ளிதான் மாணவர் கருத்துக்கு. மீதி 75 வேறு விஷயங்களுக்கு. ஒரே எண்ணை வைத்துச் சம்பளத்தில் கை வைப்பதற்கு அதில் இடமில்லை.

ஃபைனல் இயர் மெக்:

மேம், வேறொரு கல்லூரியில் படிக்கிறேன், மாணவன் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் ஃபீட்பேக் போடுவது கம்ப்யூட்டர் லேபில், கிளாஸ் அட்வைசர் பின்னால் நின்றுகொண்டிருக்கும்போது. ரெஜிஸ்டர் நம்பர் போட்டுத்தான் உள்ளேயே போக முடியும். பெயர் தெரியாது என்று சொல்கிறார்கள், எங்களில் ஒருவரும் நம்புவதில்லை. இன்டர்னல் மார்க் அவர்கள் கையில் இருக்கும்போது எப்படி நம்புவது? "எல்லாருக்கும் 5 போட்டுடுங்க" என்று கிளாஸ் ரெப் வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவான், அப்படியே போட்டுவிட்டு வருவோம்.

இன்னொன்று. இரண்டாம் ஆண்டில் ஒரு பேப்பருக்கு ஸ்லைடைப் பார்த்து வாசிப்பது மட்டும்தான் நடந்தது. நாங்கள் சிலர் பயத்தை விட்டு விரிவாக எழுதினோம். அடுத்த பேட்ச் ஜூனியர்களுக்கும் அதே ஸ்லைடு, அதே வாசிப்பு. எழுதியதை யார் படித்தார்கள் என்றே தெரியவில்லை. செமஸ்டர் கடைசியில் கேட்டால் எங்களுக்கு என்ன பயன், மேம்? முதல் இன்டர்னல் முடிந்ததும் கேளுங்கள். அப்போது சொன்னால் மீதி யூனிட்டாவது எங்களுக்கு மாறும்.

விரிவுரையாளர், ஆங்கிலத் துறை:

தம்பி சொன்னது ரொம்பச் சரி. நான் கருத்துப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் துறையில் பெண் ஆசிரியர்களுக்கு வரும் கருத்துகளில் சேலை, குரல், "சிரிக்கவே மாட்டார்கள்" போன்றவை வருகின்றன. அதே துறையில் ஆண் ஆசிரியர்களுக்கு அப்படி வந்து நான் பார்த்ததில்லை. அந்தக் காகிதத்தை அப்படியே ஹெச்ஓடி மேஜையில் வைக்கிறார்கள்.

எண்களிலும் இது நுழைகிறது. அமெரிக்காவில் ஓர் ஆன்லைன் பாடத்தில் ஓர் ஆண், ஒரு பெண் என இரண்டு பயிற்றுநர்கள். ஆளுக்கு இரண்டு பிரிவு. ஒரு பிரிவில் சொந்தப் பெயரிலும் மற்றதில் அடுத்தவர் பெயரிலும் பாடம் நடத்தினார்கள். மாணவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆண் பெயருக்குத்தான் கூடுதல் மதிப்பெண். தாள்களை எல்லாப் பிரிவுக்கும் ஒரே நேரத்தில் திருத்திக் கொடுத்தும், "சீக்கிரம் திருப்பித் தருகிறாரா" என்ற கேள்விக்கு ஆண் பெயருக்கு 4.35, பெண் பெயருக்கு 3.55. 2015-ல் வெளியான இந்த ஆய்வில் மாணவர்கள் 43 பேர்தான், சிறியது. ஆனாலும் தேதியை வைத்துச் சரிபார்க்கக்கூடிய ஒரு விஷயத்திலேயே இவ்வளவு வித்தியாசம் என்றால், 0.3 குறைந்ததற்காக ஒருவருக்கு மெமோ கொடுப்பது எந்த விதத்தில் நியாயம்? இதைக் கட்டாயம் குழுவில் பேசுங்கள், மேடம்.

கணக்கு மேடம்:

எல்லோருக்கும் நன்றி. லேட்டரல் என்ட்ரி விஷயம் என் கண்ணைத் திறந்தது. எங்கள் கல்லூரியில் அவர்கள் எல்லோரும் என் செக்‌ஷனில்தான் இருக்கிறார்கள். தம்பி, முதல் இன்டர்னலுக்குப் பிறகு கேட்பதை நிச்சயம் எழுதிக் கொடுக்கிறேன்.

சார், ஒரே ஒரு சந்தேகம். இப்போதுள்ள படிவத்தில் முதல் கேள்வி "ஆசிரியரின் பாட அறிவு", கடைசிக் கேள்வி "ஒட்டுமொத்தத் திறன்". இவற்றுக்குப் பதில் எதை வைப்பது?

பழைய இயற்பியல் வாத்தியார்:

இரண்டையும் எடுத்துவிடுங்கள். பாட அறிவை 19 வயதுப் பிள்ளை அளக்க முடியாது, சக ஆசிரியர் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். கனடாவில் ரையர்சன் பல்கலைக்கழக வழக்கில் 2018-ல் நடுவர் சொன்னதும் இதுதான். மாணவர் அனுபவத்தை அறிய அந்தப் படிவம் உதவும், கற்பித்தலின் திறனை அளக்க உதவாது, பதவி உயர்வுக்காக அந்தத் திறனை அளக்க சராசரி எண்களைப் பயன்படுத்தக் கூடாது என்றார்.

மாணவர் கண்ணால் கண்டதை மட்டும் கேளுங்கள். வகுப்பு நேரத்துக்குத் தொடங்கியதா? போர்டில் எழுதியது கடைசி பெஞ்சுக்குத் தெரிந்ததா? இன்டர்னல் தாள் எத்தனை நாளில் கைக்கு வந்தது, எங்கே தவறு என்று அதில் குறித்திருந்ததா? சந்தேகம் கேட்டால் பதில் கிடைத்ததா, அல்லது கேட்கவே பயமாக இருந்ததா? வாரத்தில் இந்தப் பாடத்துக்கு வீட்டில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாய்? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். உங்கள் வகுப்பும் பக்கத்து வகுப்பும் வித்தியாசப்படும் இடம் அதில் தெரிந்துவிடும்.

செமஸ்டர் நடுவில் கேட்பதற்கு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1980-களின் தொடக்கத்தில் உருவான முறை ஒன்று உண்டு. செலவே இல்லை. பாடம் எடுப்பவர் வெளியே போய்விடுவார். வேறு துறை ஆசிரியர் ஒருவர் வந்து, மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, எது உதவுகிறது, எதை மாற்ற வேண்டும் என்று பேசவைப்பார். பெரும்பாலோர் ஒத்துக்கொண்டதை மட்டும் எழுதி ஆசிரியரிடம் கொடுப்பார். ஈஆர்பி இல்லை, ரெஜிஸ்டர் நம்பர் இல்லை, தம்பியின் பயத்துக்கு இது நல்ல வழி. ஆங்கிலத் துறை அம்மா சொன்ன மாதிரிச் சேலையைப் பற்றிய வரியும் பத்துப் பேர் முன்னால் வாயில் வராது. அந்தத் தாள் ஆசிரியரிடம் மட்டும் இருக்க வேண்டும், ஹெச்ஓடி கோப்புக்குப் போகக் கூடாது. இதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஆள் மாறியதும் மெமோ திரும்ப வந்துவிடும். அடுத்த வகுப்பில் ஆசிரியர் மாணவர்களிடம் எதை மாற்றப் போகிறார், எதை மாற்ற முடியாது, ஏன் என்று ஐந்து நிமிடம் சொல்ல வேண்டும். 1.4-க்கான நடவடிக்கை அறிக்கையில், யார் என்று குறிப்பிடாமல், எந்தெந்த மாற்றம் நடந்தது என்பதை மட்டும் சேர்த்தால் பிரின்சிபாலும் மறுக்க மாட்டார்.