214 படங்கள், 20க்கு 15 அடி இடம்: எங்கிருந்து தொடங்குவது?

வேலியோரம்:
வீட்டுக்குப் பின்னால் 20க்கு 15 அடி வெறும் மண் கிடக்கிறது. தோட்டம் போடலாம் என்று ஒரு வருஷமாகப் படம் சேர்க்கிறேன். போனில் இப்போது 214 இருக்கின்றன. கல் பாதை, மூங்கில் மறைப்பு, குளம், புல்தரை என்று எல்லாமே பிடிக்கிறது, எதுவும் எதனோடும் சேரவில்லை. "ஆல்பம் போடுறியா, தோட்டம் போடுறியா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். காலையில் வீட்டின் நிழல், பிற்பகலில் பக்கத்துச் சுவரின் நிழல். என்ன செய்வது?

மண்வெட்டி:
நான் ஒரே படத்தில் ஏமாந்தவன். வளைந்து போகும் கல் பாதை, இருபுறமும் லாவெண்டர். அப்படியே போட்டேன். நாலு எட்டு வைத்தால் சுவர் வந்துவிட்டது! அகலக் கோண லென்ஸில் எடுத்த படம் போலிருக்கிறது. அதில் பக்கத்தில் இருப்பது பெரிதாகவும் பின்னால் இருப்பது வெகுதூரம் தள்ளியும் தெரியும், சின்ன இடம்கூட நீண்டுவிடும். லாவெண்டர் கதை இன்னும் மோசம். அதற்கு நல்ல வெயில் வேண்டும், வேரில் தண்ணீர் நிற்கக் கூடாது. என்னுடையது களிமண், எல்லாம் அழுகிப் போயிற்று. படத்தில் மண்ணா தெரிகிறது?

இப்போதெல்லாம் படத்தில் முதலில் கதவையோ நாற்காலியையோ தேடுவேன். கதவு ஏழடி என்று வைத்துக்கொண்டால் மற்றவற்றின் அளவு ஓரளவு பிடிபடும். அப்புறம், 214ஐயும் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். பூவின் நிறத்துக்காகச் சேர்த்ததெல்லாம் சப்பென்று ஆகிவிடும். அப்போதும் கண்ணை இழுப்பவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நிழல்விரும்பி:
வெயில் எத்தனை மணி நேரம்? ஆறுக்குக் குறைந்தால், முழு வெயில் கேட்கும் செடிகளின் படங்களை இன்றே அழித்துவிடலாம். பூ உச்சத்தில் இருக்கும் வாரத்தில்தான் பெரும்பாலும் படம் எடுப்பார்கள், அதையும் மறக்காதீர்கள்.

தாள்மேல்தாள்:
முதலில் உங்கள் இடத்தைப் படம் எடுங்கள், தினமும் எங்கே நின்று பார்ப்பீர்களோ அங்கிருந்து. பெரிதாக அச்செடுத்து, மேலே டிரேசிங் தாள் வைத்து வரையுங்கள். 1788இல் தோட்ட வடிவமைப்பில் இறங்கிய ஹம்ப்ரி ரெப்டன் என்ற ஆங்கிலேயர் காலத்தில் கேமராவே கிடையாது. அவர் ஒரு நோட்டில் நிலத்தை நீர்வண்ணப் படமாக வரைந்து, அதன் மேல் ஒரு துண்டுத் தாள் ஒட்டித் தருவார். அது மூடியிருந்தால் இப்போதைய நிலம், தூக்கினால் வரப்போகும் தோட்டம். சிவப்பு அட்டை போட்ட அந்த நோட்டுகளுக்கு இன்றும் மதிப்பு உண்டு.

வேலியோரம்:
கறுப்பு வெள்ளையில் 19 மிஞ்சின. அதில் 14 படங்களில் ஒரே காட்சி: ஓரமாக ஒரு மரம், அடியில் உட்கார ஓர் இடம். குளம் ஒன்றுகூட இல்லை, எனக்கே ஆச்சரியம். நேற்று வெயிலையும் குறித்தேன், பத்தரையிலிருந்து மூன்று வரை, நாலரை மணி நேரம். சமையலறை ஜன்னலில் நின்று படமும் எடுத்தாயிற்று. நட்டநடுவில் துணி காயப்போடும் கொடி. அதை எங்கே நகர்த்துவது என்று இன்று ராத்திரி வீட்டில் பேச வேண்டும்.