இயைவிறந்தகாலம்: ஒரு பிரெஞ்சு வினைவடிவுக்குத் தமிழ்ப்பெயர்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

பிரெஞ்சு இலக்கணக் கலைச்சொற் பட்டியலில் 'அம்பர்ஃபே த்யு சுப்ஜோன்க்திஃப்' (imparfait du subjonctif) என்னும் வினைவடிவுக்கு நேரே உள்ள இடம் இன்னும் நிரப்பப்படவில்லை. 'முற்றுறா ஐயநிலை', 'இறந்தகால வியங்கோள்' என இரண்டு பரிந்துரைகள் வந்துள்ளன. பிரெஞ்சுப் பெயரையே ஒலிபெயர்த்து வைத்துக்கொள்ளலாம் என்பது மூன்றாவது கருத்து. புதுச்சேரியில் தமிழ் மாணவர்களுக்குப் பிரெஞ்சு கற்பித்து வருபவள் என்ற முறையில், மூன்றையும் ஏற்க முடியாமைக்கான காரணங்களைக் கூறி, நான்காவதாக ஒன்றை முன்வைக்க விரும்புகிறேன்.

'அவன் வரவேண்டும் என்று விரும்புகிறேன்', 'அவன் வரவேண்டும் என்று விரும்பினேன்' என்னும் இரண்டு தொடர்களில், விருப்பம் இன்றையதாயினும் நேற்றையதாயினும் 'வரவேண்டும்' என்பது சற்றும் மாறுவதில்லை. 'என்று' என்னும் இடைச்சொல் உள்தொடரை அப்படியே காத்துத் தருகிறது. பழைய பிரெஞ்சு எழுத்து நடையிலோ, தலைமை வினை இறந்தகாலத்துக்குச் சென்றவுடன் உள்தொடரின் வினையும் அதைப் பின்பற்றி உருமாற வேண்டும். விரும்புகிறேன் என்றால் 'வா' என்னும் வினை உள்தொடரில் 'வியென்' என வரும். விரும்பினேன் என்றால் 'வேன்'. வருதல் நேற்று நிகழ்ந்தது என்பது இதன் பொருளன்று. அவன் நாளைக்கு வருவதாகவும் இருக்கலாம், வராமலே போயிருக்கவும் கூடும். வினை தனக்கென ஒரு காலத்தைக் காட்டாமல், தலைமை வினையின் காலத்தோடு இசைந்து நிற்கிறது, அவ்வளவே. தமிழ் மாணவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். நாம் ஆக்கும் பெயர் அந்தத் தடுமாற்றத்தை நீக்க உதவ வேண்டும் என்பதே என் கோரிக்கை.

வியங்கோள் என்னும் பெயருக்கு ஓரளவு நியாயம் உண்டு. 'விவ் ல ருவா' என்பதை 'மன்னன் வாழ்க' என்று பெயர்த்தால் ஒரு குறையும் இல்லை. ஆயினும், தன்மையிலும் முன்னிலையிலும் வியங்கோள் நிலைபெறாது என்றார் தொல்காப்பியர். நன்னூலாரோ அது எல்லா இடத்துக்கும் பாலுக்கும் செல்லும் என்றார். இருவரில் எவரைப் பின்பற்றினாலும், வியங்கோள் இடத்துக்கும் பாலுக்கும் ஏற்ப ஈறு மாறாத வடிவம். இறந்தகாலம் அதற்கு முற்றிலும் அயலானது. ஆறு இடத்துக்கும் ஆறு ஈறு கொண்ட ஒரு பிரெஞ்சு வடிவத்துக்கு அப்பெயரைச் சூட்டினால், நம் இலக்கணச் சொல்லையும் குழப்பிவிடுவோம்.

'ஐயநிலை' என்பதும் பொருந்தாது. 'அவர் வந்திருப்பதில் எனக்கு மகிழ்ச்சி' என்று பிரெஞ்சில் சொல்லும்போதும் 'சுப்ஜோன்க்திஃப்' என்னும் இவ்வினைப்பாங்கே வருகிறது. அங்கே ஐயத்துக்கு என்ன வேலை? வந்தவர் கண்முன் நிற்கிறார். விருப்பம், அச்சம், வருத்தம், மகிழ்ச்சி, ஐயம் ஆகிய அனைத்துக்கும் பொதுவானது, செய்தி ஒருவர் மனத்தையோ வேறொரு தொடரையோ சார்ந்து சொல்லப்படுகிறது என்பது மட்டுமே. ஆகவே இதனைச் 'சார்வினை' எனலாம். முதலெழுத்து, சார்பெழுத்து என்னும் பகுப்பு நம்மிடம் இருப்பதால், தனக்கென வடிவு இருந்தும் பிறிதொன்றைச் சார்ந்தே இயங்குவது என்னும் கருத்து தமிழ் மாணவருக்குப் புதிதன்று.

அடுத்தது 'முற்றுறா' என்னும் அடை. இது பிரெஞ்சுப் பெயரின் நேர் மொழிபெயர்ப்பு. பிரெஞ்சுப் பெயரே இங்குப் பிழைபட்டது என்று கருதுகிறேன். 'பேசிக்கொண்டிருந்தான்' போன்ற தொடர்ந்த செயலைக் காட்டும் முற்றுறா இறந்தகாலத்தோடு இவ்வடிவுக்கு உருவ உறவு இல்லை. இது பிறப்பது 'பாசே சேம்ப்ள்' எனப்படும் எளிய இறந்தகாலத்தின் அடியிலிருந்து. அதன் முன்னிலை ஒருமை வடிவை எடுத்து, இறுதி 'எஸ்' எழுத்தை நீக்கி, ஈறுகளைச் சேர்க்க வேண்டும். 'பேசு' என்னும் வினைக்குப் பர்லஸ், பர்லஸ், பர்லா, பர்லஸ்யோன், பர்லஸ்யே, பர்லஸ் என ஆறும் அமையும். 'இரு' என்னும் வினைக்கு ஃப்யுஸ், ஃப்யுஸ், ஃப்யு, ஃப்யுஸ்யோன், ஃப்யுஸ்யே, ஃப்யுஸ். எளிய இறந்தகாலத்தை மனப்பாடம் செய்தவருக்கு இதில் புதிதாகக் கற்க வேண்டியது மிகக் குறைவு. அதைக் கல்லாதவருக்கு இது எட்டாக்கனி. எளிய இறந்தகாலம் பேச்சு வழக்கிலிருந்து மறைந்தபோது இவ்வடிவும் வேர் அறுந்து வாடியதில் வியப்பில்லை.

வரலாறும் இதையே காட்டுகிறது. இலத்தீனில் 'அமாவிஸ்ஸெம்' என்பது சார்வினையின் முன்னிறந்தகால வடிவம், அதாவது வேறோர் இறந்தகாலச் செயலுக்கு முன்பே முடிந்ததைக் காட்டுவது. அது 'அமாஸ்ஸெம்' எனக் குறுகி, பிரெஞ்சில் 'அமஸ்' ஆயிற்று. இலத்தீனின் உண்மையான முற்றுறாச் சார்வினையாகிய 'அமாரெம்' பிரெஞ்சுக்கு வந்து சேரவே இல்லை. படர்க்கை ஒருமையில் ஒரு காலத்தில் எழுதப்பட்டுவந்த 'எஸ்', பிரெஞ்சு அகாதெமி அகராதியின் 1740ஆம் ஆண்டுப் பதிப்பில் நீங்கி, உயிரெழுத்தின் தலைமேல் கூரைக்குறியாக (^) நின்றது. அந்தக் கூரை ஒன்றுதான் 'இருந்தான்' என்னும் 'ஃப்யு'வையும் சார்வினை 'ஃப்யு'வையும் எழுத்தில் பிரித்துக் காட்டுகிறது. காதுக்கு இரண்டும் ஒன்றே. 1990ஆம் ஆண்டின் எழுத்துத் திருத்தங்கள் இகர உகரங்களின் மேலிருந்த கூரைகளைப் பெரும்பாலும் அகற்றியபோதும், இவ்வினைவடிவில் அதைத் தொடாமல் விட்டன. 'முடி' என்னும் பொருளுடைய 'ஃபினீர்' போன்ற வினைகளில் நிலைமை இன்னும் கடினம்: படர்க்கை ஒருமை தவிர ஏனைய ஐந்து இடங்களிலும் சார்வினையின் நிகழ்காலமும் இதுவும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே.

பெயரில் 'இறந்தகாலம்' என்று மட்டும் வைக்கவும் இயலாது. 'வந்திருக்க' என்னும் பொருள்தரும் கூட்டு வடிவம் ஏற்கெனவே அப்பெயரைப் பெற்றுவிட்டது. ஆகவே, தலைமை வினையோடு இயைந்து வரும் இறந்தகாலம் என்ற பொருளில் 'சார்வினை இயைபிறந்தகாலம்' என்னும் சொல்லை முன்வைக்கிறேன். கருத்துகளை அறிய ஆவல்.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து

*

மதிப்பிற்குரிய அம்மையீர்,

தங்கள் மடலை இருமுறை படித்தேன். 'சார்வினை' எனக்கு முழு உடன்பாடு. எசுப்பானியத்திலிருந்து மொழிபெயர்ப்பவன் என்பதால் இச்சொல்லின் தேவையை நான் நன்கு உணர்கிறேன். அங்கே இவ்வடிவம் இன்றும் சந்தையிலும் வீட்டிலும் வழங்குகிறது, 'வரவேண்டும் என்று விரும்பினேன்' என்று சொல்ல நாள்தோறும் தேவைப்படுகிறது. முற்றுறா என்ற பெயரை ஒதுக்கியதும் சரியே.

இரண்டு தடைகள் உள. ஒன்று, 'இயைபிறந்தகாலம்' என்று சேர்த்து எழுதினால் கண்ணுக்கு முதலில் தென்படுவது 'பிறந்த காலம்' என்பதாகும். மாணவர் 'இயை' என்று நிறுத்திப் 'பிறந்த' என்று படிப்பார். பிரித்து எழுதலாம் என்றால், அச்சில் எவரேனும் சேர்த்துவிடுவர்.

மற்றொன்று பொருள் பற்றியது. பிரெஞ்சு நாடகாசிரியர் ராசீன் 1667இல் மேடையேற்றிய ஆந்த்ரொமாக் நாடகத்தில், தலைவி தன் மகனைக் குறித்துப் பேசும் புகழ்பெற்ற ஈரடி ஒன்று உண்டு. அவன் ஒருநாள் தந்தைக்காகப் பழிவாங்குவான் என்று எவரும் அஞ்சவில்லை, தாயின் கண்ணீரைத் துடைத்துவிடுவானோ என்றே அஞ்சுகிறார்கள் என்பது அதன் கருத்து. இரண்டு அடிகளிலும் 'அஞ்சுதல்' நிகழ்காலம்தான். ஆனால் 'பழிவாங்குதல்' நிகழ்காலச் சார்வினையாகவும், 'துடைத்தல்' தாங்கள் பேசும் வடிவிலும் வருகின்றன. தலைமை வினை நிகழ்காலமாயிருக்க, இரண்டாவது எதனோடு இயைகிறது?

வணக்கத்துடன்

*

ஐயா, வணக்கம்.

முதல் தடை முற்றிலும் சரியானது. அதை நான் கவனித்திருக்க வேண்டும். 'இயைபு' என்பதற்கு மாற்றாக 'இயைவு' என்று கொண்டால் 'இயைவிறந்தகாலம்' என்று புணரும். 'பிறந்த' என்னும் மயக்கம் நீங்கிவிடும், பொருளும் கெடாது.

இரண்டாவது தடைக்கு விடையை அந்த ஈரடிக்குள்ளேயே காண்கிறேன். பழிவாங்குதல் வருங்காலத்தில் நிகழக்கூடிய ஒன்றாக நேரே வைக்கப்படுகிறது. கண்ணீர் துடைத்தலோ, 'அவனை உயிரோடு விட்டால்' என்னும் சொல்லப்படாத நிபந்தனையைத் தாங்கி நிற்கிறது. 'துடைப்பானே' என்று ஏங்கும் தாயின் குரல் அதில் இருக்கிறது. தலைமை வினை நிபந்தனைப் பாங்கில், அதாவது 'வந்தால் மகிழ்வேன்' என்பதன் 'மகிழ்வேன்' போல ஒரு நிபந்தனையைச் சார்ந்த வடிவில், இருந்தாலும் இவ்வடிவம் வர வேண்டும் என்பது பழைய விதி. இங்கே வினை வெளிப்பட்டு நிற்கும் 'அஞ்சுகிறார்கள்' என்பதோடு இயையாமல், மறைந்து நிற்கும் நிபந்தனையோடு இயைகிறது. 'இறந்தகாலம்' என்னும் பகுதி இவ்விடத்துக்குச் சற்று இறுக்கமாகவே இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'இயைவு' என்னும் பகுதி காக்கிறது. 'முற்றுறா' என்று பெயரிட்டிருந்தால் இந்த அடியை விளக்க நமக்கு ஒரு பிடியும் கிடைத்திருக்காது.

வழக்கிறந்த வடிவத்துக்கு இவ்வளவு உழைப்பு வேண்டுமா என்று வேறொரு நண்பர் கேட்டிருந்தார். நிபந்தனைப் பாங்கின் பின் நிகழ்காலச் சார்வினையை எழுதினாலும் பிழையாகக் கொள்ள வேண்டாம் என்று பிரெஞ்சுக் கல்வி அமைச்சர் 1901 பிப்ரவரி 26இல் ஆணையிட்டார். 1976ஆம் ஆண்டின் ஆணை இறந்தகாலத் தலைமை வினைக்கும் அச்சலுகையை நீட்டித்தது. இன்று பேசும் பிரெஞ்சுக்காரர், விரும்பினேன் என்றாலும் 'வியென்' என்றே சொல்கிறார். அவ்வகையில் அவர் தமிழ்த் தொடரமைப்புக்கு அருகில் வந்துவிட்டார். ஆனால் ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய நூலைத் திறப்பவருக்கு ஒவ்வொரு பக்கத்திலும் இவ்வடிவம் எதிர்ப்படும். இன்றைய செய்தித்தாளிலும், 'ஒரு நொடியேனும்' என்னும் பொருளில் 'ஃப்யு-ஸ்' என்று எழுவாய்க்கு முன் இவ்வினைவடிவு வரத் தலைகீழாக நிற்கும் தொடர் வரத்தான் செய்கிறது. அதை 'ஏனும்' என்றும், 'இறக்க நேரினும்' போன்றவற்றை 'இனும்' ஈற்றாலும் பெயர்க்கலாம் என்பதைப் பட்டியலின் குறிப்பில் சேர்க்கலாம்.

பட்டியலுக்கான பதிவை இவ்வாறு அனுப்புகிறேன். சார்வினை இயைவிறந்தகாலம்: தலைமை வினை இறந்தகாலத்திலோ நிபந்தனைப் பாங்கிலோ நிற்கும்போது, அதனோடு இயைந்து சார்வினை பெறும் வடிவம், எளிய இறந்தகால அடியிலிருந்து பிறப்பது. இதற்கு முன் முடிந்த செயலைக் காட்டும் கூட்டு வடிவுக்குச் 'சார்வினை முன்னியைவிறந்தகாலம்' என்பது நீளமாக இருக்கிறது. அதற்குச் சுருக்கமான சொல் எவருக்கேனும் தோன்றினால் தெரிவிக்க வேண்டுகிறேன்.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து