ஆப்கான் போர்நிறுத்தம், தாலிபான், தோஹா: நேரில் பட்டதைப் பகிருங்கள்

வடுவூர் கணேசன்:
ஆப்கான் அரசும் தாலிபானும் அறிவித்த 2018 ஈத் போர்நிறுத்தம் பலருக்கும் நினைவிருக்கும். தாலிபான் தரப்பில் ஜூன் 15 முதல் மூன்று நாள். அப்போது காபூலில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே போகக் கூடாது என்று உத்தரவு. ரொட்டி வாங்க டிரைவர் கிளம்பவும் நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

கோட்டே சங்கி சந்திப்பில் வண்டி நகரவில்லை. வெள்ளைக் கொடி கட்டிய மோட்டார் பைக்குகள், தலைப்பாகை கட்டிய தாலிபான்கள், அவர்கள் தோளில் கைபோட்டு செல்ஃபி எடுக்கும் போலீஸ்காரர்கள். ஐஸ்கிரீம் வண்டியைச் சுற்றி இரண்டு தரப்பும் நிற்கிறது. கண்ணில் சுர்மா தீட்டிய பையன் ஒருவன், இருபது வயதுகூட இருக்காது, எங்கள் ஜன்னலோரம் வந்து டிரைவரிடம் பஷ்தூவில் ஏதோ கேட்டான். “காபூலில் பாங்கு சொல்வார்களா?” என்று கேட்கிறான் என்றார் டிரைவர். பையனுக்கு ஊர் பக்கத்து வார்தக். தலைநகரை அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறானாம்.

சற்று நேரத்தில் அஸர், அதாவது பிற்பகல் தொழுகைக்கான பாங்கு கேட்டது. ஒரு பள்ளிவாசலில் தொடங்கி நாலாபக்கமிருந்தும் எழுந்தது. ஐஸ்கிரீம் கையில் உருக உருக, குரல் வந்த திசையெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தான். இந்த ஊரில் முஸ்லிம்களே இல்லை என்று யாரோ அவனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

அதிபர் அஷ்ரஃப் கானி அரசு போர்நிறுத்தத்தை நீட்டித்தது, தாலிபான் மறுத்தது. ஆகஸ்டில் கஜினி நகரத்துக்குள் புகுந்து அடித்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோதும் அவன் முகம்தான். இன்னும் ஒரு வாரம் அந்தப் பையன்களை ஊருக்குள் நடமாட விட்டிருந்தால் சமாதானம் கீழேயிருந்தே வந்திருக்கும் என்று இன்றும் நம்புகிறேன்.

குமரி ஆண்டனி:
கணேசன் அண்ணே, அந்தக் கடைசி வரியை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அதே ஜூனில் நான் காபூலில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். ஈத் முடிந்த கையோடு, தெற்கே ஹெல்மந்த் மாகாணத்திலிருந்து போரை நிறுத்தச் சொல்லி நடந்தே கிளம்பிய அமைதி நடையினர் வந்து சேர்ந்தார்கள். மார்ச்சில் அந்த மாகாணத் தலைநகர் லஷ்கர் காவில் விளையாட்டரங்கத்துக்கு வெளியே கார் குண்டு வெடித்ததே, அதற்குப் பிறகு பந்தல் போட்டு உட்கார்ந்த ஆட்கள். நோன்பு மாதத்தில், அந்த வெயிலில், கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர் நடந்திருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவருக்கு நான்தான் கட்டுப் போட்டேன். உள்ளங்காலில் தோலே இல்லை. மருந்து வைக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டார், முனகவில்லை. இரண்டு நாள் காலைத் தரையில் ஊன்றாதீர்கள் என்றேன். “இன்னும் தூதரகங்கள் இருக்கின்றன” என்று சொல்லிவிட்டு பிளாஸ்டிக் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார். சொன்ன மாதிரியே தூதரகங்களுக்கு எதிரே கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். அரசு, தாலிபான், வெளிநாட்டார், எல்லாரிடமும் ஒரே கோரிக்கை: சுடுவதை நிறுத்துங்கள்.

ஆக, கீழேயிருந்து வரத்தான் செய்தது அண்ணே. மேலே இருந்தவர்கள்தான் அடைத்தார்கள். 2020 ஈதுக்குப் போர்நிறுத்தம் அறிவித்தபோது, எதிரியின் பகுதிக்குள் போகக் கூடாது என்று தாலிபான் தலைமை தன் ஆட்களுக்கே தடை போட்டது. ஐஸ்கிரீம் படங்கள் அவர்களை அவ்வளவு பயமுறுத்தியிருக்கின்றன. நங்கர்ஹாரில் கட்டிப்பிடித்துக் கொண்டாடிய கூட்டத்துக்குள் ஐ.எஸ். குண்டு வைத்ததையும் மறந்துவிடக் கூடாது. அதுவும் அந்த மூன்று நாளுக்குள்தான்.

பரங்கிமலை டெய்லர்:
எனக்கு அரசியல் அவ்வளவாகத் தெரியாது சார். இங்கே ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு 2017 முதல் ஆப்கான் பெண் அதிகாரிகள் பயிற்சிக்கு வந்தார்கள். அதில் ஒரு பெண் சட்டையைப் பிடித்துத் தைக்கக் கடைக்கு வந்தது. கூடவே தோளில் வைக்க அவர்கள் நாட்டுக் கொடி, கருப்பு சிவப்பு பச்சை. நூல் பிரிந்திருந்தது. தைத்துக் கொடுத்ததும் நகத்தால் ஓரத்தை நெம்பிப் பார்த்துவிட்டு, இன்னொரு ஓட்டு ஓட்டச் சொன்னது. “மலையில் ஏறும்போது பிய்ந்துவிடக் கூடாது அண்ணா.”

2021 ஆகஸ்ட் 15 அன்று டிவியில் அதிபர் மாளிகையைக் காட்டினார்கள். மேஜையைச் சுற்றித் துப்பாக்கியோடு தாலிபான்கள். அந்தப் பெண் என்ன ஆயிற்றோ என்று இன்றுவரை தெரியவில்லை. கடையில் எடுத்த போட்டோ ஒன்று என் போனில் இருக்கிறது.

லஜ்பத் நகர் ராகவன்:
டெய்லர் அண்ணா, அன்று தில்லியில் எங்கள் மாடியில் குடியிருந்த ஆப்கான் மாணவன் இரவெல்லாம் போனில் இருந்தான். காபூலில் அரசு வேலை பார்த்த அப்பாவிடம், சான்றிதழ்களை எரித்துவிடுங்கள் என்று கெஞ்சினான். அப்பா மறுத்தார். பையன் அழுதது கீழே கேட்டது.

அதனால் சொல்கிறேன், அந்தப் போட்டோவை எங்கேயும் போடாதீர்கள். பேஸ்புக்கில் பெயரைப் போட்டுத் தேடி “இவரைத் தெரியுமா” என்று பொதுவில் கேட்பதும் வேண்டாம். பழைய அரசின் அலுவலகங்களும் பதிவேடுகளும் அப்படியே தாலிபான் கைக்குப் போயின. பொது மன்னிப்பு என்று அறிவித்தார்கள், சரி. ஆனால் பழைய படையினர், அதிகாரிகள் என்று குறைந்தது 218 பேர் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டதை ஐ.நா. குழு 2023இல் பதிவு செய்திருக்கிறது. அந்தப் பெண் வெளிநாட்டில் இருந்தாலும் குடும்பம் உள்ளே இருக்கலாம். அவராகத் தொடர்பு கொண்டால் பேசுங்கள், அப்போதும் ஊர், முகவரி கேட்காதீர்கள். விசா வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்டு யாராவது வந்தால் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்த விசாக்களையே அந்த ஆகஸ்டில் இந்தியா ரத்து செய்து, அவசர இ-விசா மட்டும்தான் என்று மாற்றியது. அதை நம்பி இருந்த மாணவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

ஆண்டனி, இன்னொன்று. 2020 பிப்ரவரி 29 அன்று அமெரிக்காவும் தாலிபானும் போட்ட தோஹா ஒப்பந்தத்தில் காபூல் அரசு கையெழுத்தே போடவில்லை. அந்த அரசின் சிறையில் இருந்த 5,000 தாலிபான்கள் வரை விடுவிக்கப்படுவார்கள் என்று அமெரிக்கா எழுதிக் கொடுத்தது. என் கணக்கில் அங்கேயே முடிந்துபோனது.

வடுவூர் கணேசன்:
ராகவன், தோஹாவை மட்டும் சொல்லி காபூல் தலைவர்களை விட்டுவிட முடியாது. கையெழுத்தாகிப் பத்து நாள் ஆகவில்லை, மார்ச் 9 அன்று ஒரே நகரத்தில் கானியும், தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற அப்துல்லாவும் தனித்தனியாக அதிபர் பதவிப் பிரமாணம் எடுத்தார்கள். பேச்சுவார்த்தைக்கு யாரை அனுப்புவது என்பதிலேயே அடித்துக்கொண்டார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவன் ஏன் விட்டுக்கொடுப்பான்?

எங்கள் டிரைவர் இப்போதும் காபூலில்தான். தாயார் வார்தக்கில். முன்பெல்லாம் வருடக்கணக்கில் போக முடியாத ஊர், இப்போது நினைத்தால் போய் வருகிறார். சாலையில் குண்டு இல்லை. ஆனால் மூத்த மகளுக்கு ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. கெட்டிக்காரி. வாரக் கடைசியில் வாட்ஸ்அப்பில் நான் கணக்கு சொல்லித் தருகிறேன். அறிவியல் சொல்லித்தர அவர்கள் பேசும் தாரி மொழி தெரிந்த பெண் யாராவது இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.