இத்தனை மதகு, கரை இருந்தும் மிசிசிப்பி பாதை மாறுமா?

கேள்வி:
அமெரிக்காவுல லூசியானா மாநிலத்துல மிசிசிப்பி ஆறு அப்படியே அட்சாஃபலாயா ஆத்துப் பக்கம் திரும்பிடக் கூடாதுன்னு ஓல்ட் ரிவர்ங்கற இடத்துல 1963ல இருந்து மதகு வச்சு 30 சதவீதம் தண்ணிய மட்டும் அந்தப் பக்கம் விடுறாங்களாம். அவ்ளோ கான்கிரீட்டைத் தாண்டி ஆறு மாற நெஜமாவே சான்ஸ் இருக்கா?

பதில் 1:
இருக்குங்க. ஆறு எப்பவும் சரிவு ஜாஸ்தியா, கடலுக்குக் கிட்டக்க இருக்குற வழியத்தான் தேடும், அட்சாஃபலாயா வழியா போனா கடலுக்கு சுமார் 225 கிலோமீட்டர் தான், இப்ப போற வழி 500க்குப் பக்கம், அதனால இழுப்பு எப்பவுமே அந்தப் பக்கம் தான் இருக்கும். 1973 வெள்ளத்துல மதகோட பக்கச்சுவர் ஒண்ணு சரிஞ்சு விழுந்துச்சு, அடியில மண்ண அரிச்சு பெரிய பள்ளமே ஆகிடுச்சு. மொத்தமா போகாம நின்னதே பெரிய விஷயம். அப்புறம் தான் துணைக்கு இன்னொரு மதகு கட்டி 1986ல முடிச்சாங்க.

பதில் 2:
நேபாளத்துல இருந்து பீகாருக்கு வர்ற கோசி ஆத்தப் பாருங்க. 2008 ஆகஸ்ட் 18, நேபாளத்துல குசஹாகிட்ட கரை உடைஞ்சு ஆறு 100 கிலோமீட்டருக்கு மேல கிழக்க தள்ளி பழைய பாதைல ஓடிச்சு, பீகார்ல லட்சக்கணக்கான சனம் வீட்டை விட்டு ஓட வேண்டியதாச்சு. அன்னிக்கு வந்த தண்ணி கரை தாங்க வேண்டிய அளவை விட ரொம்பக் கம்மி! ரெண்டு கரைக்கு நடுவுல வண்டல் சேந்து சேந்து ஆத்துப் படுகையே வெளி நிலத்த விட உசந்து போச்சு, அதான் பிரச்சினை.

கேட்டவர்:
மிசிசிப்பி திரும்பினா நியூ ஆர்லியன்ஸ் என்னாகும்?

பதில் 1:
ஆறு இப்ப போற வழியில தான் அந்த ஊர் இருக்கு, ஊருக்குக் குடிதண்ணியே அந்த ஆறு தான். நல்ல தண்ணி வேகம் கொறஞ்சா கடல் உப்பு மேல ஏறி வந்துடும், 2023 வறட்சிலயே அந்த பயம் வந்துச்சு.