கால் தரையில் எட்டுவதற்காகப் பைக்கின் உயரத்தைக் குறைத்தவர்களே, உங்களுக்கு என்ன நடந்தது?

பின்பக்கம் குட்டை ஸ்பிரிங் போட்டு 30 மி.மீ. இறக்கினேன். இரண்டு பாதங்களும் முழுதாகத் தரையில் பதிந்தன. அந்தச் சந்தோஷம் ஒரு நாள்கூட நிலைக்கவில்லை. சைடு ஸ்டாண்டு போட்டு இறங்கினால் வண்டி சாயாமல் நெட்டுக்குத்தாக நிற்கிறது. ஹெல்மெட்டைக் கழற்றி டேங்கின் மேல் வைத்ததுதான் தாமதம், வலப்பக்கமாக மெல்லச் சாயத் தொடங்கியது. நான் இடப்பக்கம் நிற்கிறேன். ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்தேன், முடியவில்லை. பிரேக் லீவர் முறிந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இறக்கினால் ஸ்டாண்டையும் வெட்டிக் குறைக்க வேண்டும் என்று மாட்டியவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

———

ஸ்பிரிங்கில் கை வைத்ததே தவறு. நான் சீட்டை மட்டும்தான் மாற்றினேன், ஃபோம் குறைந்த தாழ்வான சீட். ஸ்டாண்டு, கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி) எதுவும் கெடவில்லை. ஆனால் நெடும்பயணத்தில் இரண்டாவது மணி நேரம் முடிந்து இறங்கியபோது முழங்காலை நீட்ட முடியவில்லை. சீட் இறங்கியது, கால் வைக்கும் இடம் இறங்கவில்லை அல்லவா? வண்டியைப் பிடித்துக்கொண்டே ஐந்து நிமிடம் நின்றேன். என் மகள்தான் தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தாள்.

———

சீட் மட்டும் போதும் என்பதை ஏற்க மாட்டேன். எல்லோருடைய கால் நீளமும் ஒன்றா? நானும் ஸ்பிரிங்தான் மாற்றினேன். முதல் வேகத்தடையிலேயே என்ஜினின் அடிப்பாகம் உரசியது. அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். பின்பக்கத்தை மட்டும் இறக்காதீர்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் சாய்வு கூடி, வளைவில் வண்டி திரும்பச் சுணங்கும். ஃபோர்க் குழாய்களை, அவற்றைப் பிடித்திருக்கும் கிளாம்பில் சற்று மேலே ஏற்றி முன்பக்கத்தையும் இறக்குங்கள். ஃபோர்க் முழுக்க அமுங்கும்போது மட்கார்டு எதிலும் இடிக்கிறதா என்றும் பாருங்கள். குட்டை ஸ்பிரிங் பழையதைவிடக் கடினமானதாக இருக்க வேண்டும். அமுங்க இடம் குறைவு என்பதால், மென்மையாக இருந்தால் பள்ளத்தில் அடிமட்டம் வரை போய் இடிக்கும். பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் இறுக்கத்தை, தளர்த்தி உயரம் குறைப்பவர்களுக்கும் இதே கதிதான். ஹெட்லைட்டையும் சரிசெய்யுங்கள், பின்பக்கம் தாழ்ந்தால் வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில் விழும். உயரத்தை நீங்கள் ஏறி உட்கார்ந்த பிறகு இன்னொருவரை வைத்து அளக்கச் சொல்லுங்கள், ஆளில்லாத வண்டியின் அளவு உதவாது.

———

நான் இன்னும் எதையும் மாற்றவில்லை. போன வாரம் சிக்னலில் நிறுத்தி இடக்காலை ஊன்றினேன், அங்கே சாலை சரிந்திருந்தது. கால் நுனி காற்றில் துழாவிய அந்த ஒரு நொடியில் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா என் தோளை இறுகப் பிடித்தார். வண்டியை விழாமல் தாங்கிவிட்டேன், இடுப்புதான் பிடித்துக்கொண்டது. சீட்டின் முன்பகுதியை மட்டும், தொடை படும் இரு ஓரங்களிலும் செதுக்கிக் குறுக்கினால் கால் நேராக இறங்கும் என்கிறார்கள். உயரத்தைத் தொடாமல் அதை மட்டும் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?